ராடர் மழையும் நற்பிட்டிமுனையின் வடிகான்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மாரி காலத்தில் கிழக்கிலங்கையின் நற்பிட்டிமுனைக்கு வெள்ளம் இரண்டு பக்கத்தால் வரும். ஊருக்குள் பெய்யும் மழை வடிகான்களை நிரப்பும்; மேற்கே வயல் வட்டைகளில் ஏறும் நீர் கிட்டங்கித் தாம்போதியை மூடும். இரண்டும் ஒன்றுகூடினால் வடிகான் நீருக்குப் போக்கிடமே இல்லை. எப்போது கூடும் என்பதை முன்னறிய, எங்கே, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு மழை விழுகிறது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு வளர்ந்த வழியையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1851இல் அயர்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் மல்வனி, நீரோட்டத்தை மழைச்செறிவு, நிலப்பரப்பு, வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றின் பெருக்கமாகக் கண்டார். இன்றும் சிறு வடிகான்களுக்கு அதே சூத்திரம்தான். 1 ஹெக்டெயர் குடியிருப்பில் 10 நிமிடத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் 70 வீதம் ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 117 லீற்றர் வரும். அதே 10 மில்லிமீற்றர் நாள் முழுதும் தூறினால் வடிகான் நனைவதோடு சரி. நமது வழமையான பதிவோ காலை 8.30க்கு எடுக்கும் 24 மணிநேரக் கூட்டுத்தொகை. பயிர்ச்செய்கைக்கு அது உதவும். வடிகானுக்கு அது பாதி உண்மைகூட இல்லை.

ராடர் இந்தக் குறையைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை இரண்டாம் உலகப் போரின் பின் பிறந்தது. 1948இல் கனடாவில் மார்ஷலும் பாமரும் மழைத்துளிகளின் பருமன் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை வகுத்தனர். ராடர் அலையின் எதிரொலியை மழையளவாக மாற்றும் சூத்திரம் அந்த ஆய்வுவழி நிலைபெற்றது. ஆனால் ராடர் மழையை அளப்பதில்லை, ஊகிக்கிறது. 40 டெசிபெல் எதிரொலிக்கு அவர்கள் பெயரில் வழங்கும் சூத்திரம் மணிக்கு 11.5 மில்லிமீற்றர் என்கிறது. வெப்பமண்டல மழைக்குப் பயன்படும் இன்னொரு சூத்திரம் 21.6 என்கிறது. இந்த வேறுபாட்டைத் தரையிலுள்ள மழைமானியைக் கொண்டே தீர்க்க முடியும்.

நகர வடிகாலமைப்புக்கு எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதை 1991இல் ஆய்வாளர் ஷில்லிங் வரையறுத்தார்: ஒரு கிலோமீற்றர், ஒரு நிமிடம். பிரான்சின் மத்தியதரைக் கடற்கரை நகரங்களை வைத்து 2004இல் பேர்ன் குழுவினர் 100 ஹெக்டெயருக்கு 3 நிமிடம், 2 கிலோமீற்றர் போதும் எனக் கண்டனர். நமது கடற்கரை ஊர்களின் வடிகால் பரப்பும் ஏறத்தாழ இந்த அளவினதே.

ராடர் வந்தால் வெள்ளம் போய்விடும் என்று எண்ணுவோர் சென்னையைப் பார்க்கலாம். அங்கே 2002இல் டொப்ளர் ராடர் நிறுவப்பட்டது. 2015 டிசம்பர் முதல் நாள் மழையில், தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர் பதிவாக, நகரம் மூழ்கியது. மேகத்தைப் பார்க்கும் கருவியும் வடிகானைக் கணக்கிடும் மாதிரியும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் படம் மட்டுமே மிஞ்சும்.

இலங்கைக்குப் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரு டொப்ளர் ராடர்கள் அமைக்க யப்பான் 2017இல் மானிய ஒப்பந்தம் செய்தது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டபோதும் பொத்துவிலில் ராடர் இயங்கவில்லை. இந்த இரண்டில் எங்களுக்கு எந்த ராடர் முக்கியம் என்பதைத் தூரமே சொல்லும். நற்பிட்டிமுனை பொத்துவிலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அரைப் பாகை ஏற்றத்தில் செல்லும் கதிர் இங்கே 700 மீற்றர் உயரத்தில் மழையைத் தொடும். புத்தளமோ 230 கிலோமீற்றர் அப்பால். அங்கிருந்து வரும் கதிர் பூமியின் வளைவால் இங்கே 5 கிலோமீற்றர் உயரத்தில், பனிக்கட்டி உருகும் மட்டத்தருகே போகும். இடையில் மலைநாட்டின் விளிம்பும் உண்டு. புயலைக் காண அது உதவலாம். நற்பிட்டிமுனையின் வடிகானைக் கணக்கிட உதவாது.

பொத்துவில் நிலையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளநீர் கடலுக்குப் போகும் முகத்துவாரம் அடைபட்டிருக்கும்போது நீர்மட்டம் எவ்வளவு என்பதையும் ஐந்து நிமிட மழைப்பதிவையும் மாநகர சபையும் பாடசாலைகளும் இந்த மாரியிலிருந்தே சேர்க்கத் தொடங்க வேண்டும். ராடர் வரும் நாளில் அதன் ஊகத்தைச் சரிபார்க்க அந்தப் பதிவு இல்லாவிட்டால் வேறு வழி கிடையாது.