கொத்தான்: வேரை விட்ட கொடி

கடற்கரை மணலில் படரும் அடம்பின் மீதும், இராவணன் மீசையின் முட்களிலும், முந்திரித் தோப்பின் தாழ்ந்த கிளைகளிலும் பச்சையும் மஞ்சளுமாகச் சிக்குண்ட நூற்கண்டு போலக் கிடக்கும் இலையற்ற கொடிக்குத் தமிழில் கொத்தான் என்று பெயர்.

கொத்து என்றால் திரள். ஒற்றை இழையாக நில்லாமல் தன்னையே தான் சுற்றித் திரளும் இக்கொடிக்கு அது பொருந்தும். வல்லின இரட்டிப்பும் ஈற்றயல் நெடிலும் சேர்ந்த ஒலியிலேயே ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆனால் ஏட்டில் கொற்றான், எருமைக்கொற்றான் என்ற வடிவங்களும் உண்டு. காற்று பேச்சில் காத்து ஆவதுபோல, கொற்றான் மருவிக் கொத்தான் ஆயிற்று என்று கொள்ளலாம். பேச்சு வடிவத்தைத் திருத்துவதாக எண்ணி எழுதுவோர் றகரத்தைப் புகுத்தினர் என்றும் கொள்ளலாம். நான் பின்னதன் பக்கமே சாய்கிறேன், ஏனெனில் கொத்து என்னும் பொருள் செடியிலேயே கண்கூடாக இருக்கிறது. முடக்கொத்தானை இதனோடு உறவாக்க வேண்டாம். அது முடக்கை அறுப்பது என்ற பொருளில் முடக்கறுத்தான் எனவும் வழங்கும் மருந்துக்கொடி, தன் வேரில் தானே வாழ்வது.

கொத்தான் அப்படியன்று, புல்லுருவியைப் போல அதுவும் ஒட்டுண்ணி. புல்லுருவியைப் பறவைகள் கிளையில் விதைக்கும். கொத்தானோ மண்ணிலே முளைத்து, தாங்கும் செடி ஒன்றைத் தொட்டுப் பற்றியதும் வேரை விட்டுவிடும். ஓர் இழையை மெல்ல விலக்கிப் பாருங்கள்: அடம்பின் தண்டைத் தொடும் பக்கத்தில் சிறு வட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவையே நீரும் சத்தும் இழுக்கும் உறிஞ்சுவேர்கள். சங்கத்து நெய்தற் பாடல்கள் அடும்பு என்று பாடிய பழங்கொடியின் சாற்றைத்தான் இவை குடிக்கின்றன.

மெய்யான வியப்பு இனிமேல்தான். உள்நாட்டு வேலிகளில் பொன்னிறமாகப் படரும் அம்மையார் கூந்தலையும் தூத்துமக்கொத்தான் என்று கொத்தானோடு சேர்த்தே அழைத்தனர் நம்மவர். வடமொழியிலும் ஆகாசவல்லி என்ற பெயர் இரண்டுக்கும் பொது. தாவரவியலில் கடற்கரைக் கொத்தான் கசித்தா, அம்மையார் கூந்தல் கசுக்குட்டா. தாவரவியலாளர் இலின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில் இரண்டும் தனித்தனிப் பேரினங்கள். ஆயினும் அவ்விரு பெயர்களின் மூலத்தைத் தேடினால், இத்தகைய கொடியைக் குறித்த ஒரே மேற்காசியச் சொல்லில் போய் முடிகின்றன: ஒன்று கிரேக்கம் வழி வந்தது, மற்றது அரபு வழி இலத்தீனுக்குள் புகுந்தது.

குடும்பத்தாலோ இவை மிகத் தொலைவு. அம்மையார் கூந்தல் அடம்புக்கும் சர்க்கரைவள்ளிக்கும் உறவு. கொத்தான் இலவங்கப்பட்டையின் இனம். வேரையும் இலையையும் இழந்து நூலாகிப்போன இரண்டையும் பார்த்தவர்கள், பல மொழிகளிலும், ஒரே பெயரின் கீழ் வைத்தார்கள். பூவையும் காயையும் பிரித்துப் பார்த்த பிறகே வேற்றுமை தெரிந்தது; கொத்தானுக்குப் பட்டாணி அளவில் சதைப்பற்றான உருண்டைக் காய், கூந்தலுக்கு உலர்ந்த சிறு காய்.

உங்கள் கடலோர ஊரில் இக்கொடிக்கு வேறு பெயர் வழங்கினால், றகரமோ தகரமோ, நீங்களாகத் திருத்தாமல், மூத்தோர் ஒலிக்கிறபடியே எழுதி வையுங்கள்.