சக்கரம் கொஞ்சம் சாயட்டும்!

துறையூரிலிருந்து ஒரு கார் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே திருச்சிக்குப் போனால் சமவெளி. பாட்டுக் கேட்டபடியே போய்ச் சேர்ந்துவிடலாம். அதே காரைப் பச்சைமலைப் பக்கம் திருப்பினால்... வளைவுக்கு மேல் வளைவு! அதே கார், அதே டயர், அதே டிரைவர். ஆனால், இரண்டு சாலைகளும் சக்கரங்களிடம் கேட்கிற வேலை வேறு வேறு.

'சக்கரம் என்றால் நேராக நிற்க வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றும். அங்கேதான் விஷயம்! பெரும்பாலான கார்களில் சக்கரங்கள் நூல் பிடித்தாற்போல நேராக நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்ந்தோ, திரும்பியோதான் நிற்கும். எவ்வளவு சாய வேண்டும் என்பதில் பந்தயக்காரர்களின் வெற்றி தோல்வியே அடங்கியிருக்கிறது.

இந்தக் கதையை ஸ்ரீரங்கத்துத் தேரிலிருந்து ஆரம்பிக்கலாம். சித்திரைத் தேர் வீதி முனையில் திரும்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது! அச்சு திரும்பாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கும். பிறகு எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போட்டு, ஒரு பக்கத்தைத் தடுத்து, இன்னொரு பக்கத்தை வழுக்கவிட்டு, வடம் பிடிப்பவர்களை அதற்கேற்ப இழுக்கச் செய்து... கொஞ்சம் கொஞ்சமாகத்தான்! முட்டுக்கட்டை போடுகிறவரின் கை ஒரு நொடி பிந்தினால், அவர் உயிருக்கே ஆபத்து. திருச்சி பெல் நிறுவனம் திருவாரூர் ஆழித்தேர் உட்படப் பல தேர்களுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தது. திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. ஆனாலும், முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போய்விடவில்லை. நிறுத்த பிரேக் இருக்கிறது, திருப்ப வேண்டுமே!

ஐரோப்பாவின் குதிரை வண்டிக்காரர்களுக்கும் திருப்புவதில்தான் தலைவலி. அவர்கள் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் மாட்டி, அப்படியே திருப்பினார்கள். வளைவில் சட்டென்று திருப்பினால், வண்டியைத் தாங்கும் இடம் குறுகிப்போய்... குப்புறக் கவிழும்! இங்கிலாந்தின் லிச்ஃபீல்டில் இருந்த டாக்டர் எராஸ்மஸ் டார்வின் (பரிணாமம் சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தாதான்!) நோயாளிகளைப் பார்க்க நாள் முழுக்க வண்டியில் அலைகிறவர். 1758 வாக்கில் அவர் ஒரு வழி யோசித்தார். அச்சு அப்படியே இருக்கட்டும், சக்கரங்கள் மட்டும் தனித்தனியாகத் திரும்பட்டும்! 'டாக்டருக்கு எதற்கு இந்த வேலை' என்று ஊர் பேசுமே என்று நினைத்தாரோ என்னவோ, அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை.

சுமார் அறுபது வருடங்கள் கழித்து மியூனிக்கில் அரண்மனைக்கு வண்டி செய்து கொடுத்த கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். லண்டனில் அவருக்காக 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இவர் முக்கியமாகப் புத்தகம், படம் அச்சிட்டு விற்றவர். தளபதி நெல்சனின் இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்தவரும் இவர்தான்! கண்டுபிடித்தவர் ஒருவர், முதலில் யோசித்தவர் இன்னொருவர்... இன்றைக்கு உலகம் முழுக்க மெக்கானிக்குகள் சொல்வதோ 'ஆக்கர்மன்' என்ற பெயரை!

அதன் சூட்சுமம் எளிது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். அதனால், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரம் தேர்ச் சக்கரம் மாதிரி தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.

சரி, கார் வந்தது. வேகம் வந்தது. புதிய சிக்கலும் வந்தது. வேகமாக வளையும்போது காரின் உடம்பு வெளிப்பக்கம் சரிகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இந்தச் சரிவு நன்றாகவே தெரியும்! கூடவே டயரும் சரிந்து, வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அதிலும் பாதி போய்விட்டால்? கார் பாதையை விட்டு வழுக்கும்.

மருந்து என்ன? சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைத்துவிடுவது. வளைவில் கார் சரியும்போது அந்தச் சாய்வு சரியாகி, டயர் தரையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும். இதன் பெயர் 'நெகட்டிவ் கேம்பர்'. ஊருக்குள் ஓடும் காரில் இது பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள். பந்தயப் பாதைக்குப் போகும் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு, மூன்று டிகிரிகூட வைப்பார்கள்.

இதோடு இன்னும் இரண்டு சமாசாரங்கள். மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது 'டோ'. நடக்கும்போது சிலருக்குப் பாதம் உள்வாங்கியும் சிலருக்கு அகன்றும் இருக்கும் அல்லவா, அதுதான்! பந்தயக்காரர்கள் முன் சக்கரங்களை இம்மியளவு வெளியே திருப்பி வைப்பதுண்டு. ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே கார் பாய்ந்து திரும்பும். ஆனால், நேர்ச் சாலையில் அதே கார் நிலைகொள்ளாமல் அலையும். மூன்றாவது, 'காஸ்டர்'. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருக்கிறதே... கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுகிறது என்றால் அதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

இந்த வித்தைகளைத் தமிழ்நாடு கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. போர் முடிந்தது, விமானங்கள் போயின. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டது. கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்! நீண்ட நேர் ஓட்டம், அதன் முடிவில் பிரேக்கை மிதித்துத் திரும்பும் கடும் வளைவு. பந்தயக்காரர்களின் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். வளைவுக்காகச் சக்கரத்தைச் சாய்த்தால், நேர் ஓட்டத்திலும் பிரேக்கிலும் டயரின் முழு அகலம் கிடைக்காது. நேராக வைத்தால் வளைவில் போச்சு! எங்கே எவ்வளவு விட்டுக்கொடுப்பது? இந்தப் பேரம்தான் அலைன்மென்ட்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்காகவே கட்டிய பாதை திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஓடுபாதைக் கணக்கு இங்கே செல்லாது. மெக்கானிக்குகள் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் கோவைக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும்... எஸ்.கரிவரதன். மில் முதலாளிக் குடும்பத்தில் பிறந்தவர், பந்தயக்காரர், பந்தயக் கார் வடிவமைத்தவர். 'பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகவே இருந்தால் புதிய ஆள் எப்படி வருவான்?' என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. அவர் சொன்ன பதில், 'ஃபார்முலா மாருதி'. நம் தெருக்களில் ஓடிய மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார்! எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இன்ஜின் என்றால் யார் ஜெயிப்பது? நன்றாக ஓட்டுகிறவர்... அடுத்து, சக்கரத்தின் சாய்வை நன்றாக அமைத்துக்கொண்டவர். காசால் வாங்க முடியாத இடத்தில் கணக்கு ஜெயித்தது!

1995-ல் ஒரு விமான விபத்தில் கரிவரதன் இறந்தபோது அவருக்கு வயது 41. 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் ஒருவன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கே போனான்... நரேன் கார்த்திகேயன்.

அந்த வருடம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே 13-வது வளைவு, சரிவாக எழுப்பிய அதிவேக வளைவு. அந்த அழுத்தத்தை மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயம் தொடங்கும் முன்பே 14 கார்கள் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேனுக்கு நான்காம் இடம். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர்! 'அதிர்ஷ்டம்' என்றார்கள். இருக்கட்டுமே... டயர் தாங்குமா என்பதும் பந்தயத்தில் ஒரு கேள்விதானே?

சாய்வில் பேராசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2011-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதை. ரெட்புல் குழு, டயர் கம்பெனியான பைரெல்லி பரிந்துரைத்ததைவிட அதிகமாகச் சக்கரங்களைச் சாய்த்தது. வேகம் கிடைத்தது. கூடவே டயரில் கொப்புளமும் கிளம்பியது! டயர் மாற்ற அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. செபாஸ்டியன் வெட்டல் ஆரம்பத்திலேயே பிட்டுக்குள் வந்து டயரை மாற்றிக்கொண்டு, எப்படியோ ஜெயித்தார். ஆனால், அந்தச் சில சுற்றுகள் அவர் குழுவின் வயிற்றில் புளியைக் கரைத்தன.

பந்தய மெக்கானிக்குகள் இதை ஊகத்தில் செய்வதில்லை. கார் சில சுற்று ஓடி வந்ததும் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடங்களில் சூடு பார்ப்பார்கள். வெளி ஓரம் கொதித்தால் சாய்வு போதவில்லை. உள் ஓரம் மட்டும் ரொம்பக் கொதித்தால் சாய்வு அதிகம். நடுவில் மட்டும் கொதித்தால் காற்று அதிகம். டயரே பேசுகிறது, கேட்கத் தெரிந்தால் போதும்!

கடைசியாக, காரின் மீது ஆசை வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டி.வி-யில் பார்த்த பந்தயக் கார் மாதிரி உங்கள் காரின் சக்கரத்தையும் சாய்த்து வைத்துக்கொண்டு திருச்சி சாலையில் பறக்காதீர்கள். டயரின் உள் ஓரம் சத்தமில்லாமல் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரியே தெரியும். மழை நாளில், பிரேக் மிதிக்கிற அந்த ஒரு நொடியில்தான் உண்மை தெரியவரும். பந்தயப் பாதைக்குப் போய்வரும் அனுபவசாலிகள், வீட்டுக்குக் கிளம்பும் முன் சாய்வைப் பழையபடி மாற்றிவிட்டுத்தான் காரை எடுக்கிறார்கள்.