நூர்புர்க்ரிங்கின் கடிகாரமும் நான்கு டயர்களும்

ஜெர்மனியின் மேற்கிலுள்ள ஐஃபல் மலைப்பகுதி, 1920களில் பிழைப்புக்கு வழி அரிதாயிருந்த ஏழை வட்டாரமாக இருந்தது. அங்குள்ள மக்களுக்கு வேலை கிடைக்கவும், பொதுச் சாலைகளில் நடந்துவந்த மோட்டார் பந்தயங்களுக்குத் தனி இடம் அமையவும், நூர்புர்க் என்னும் பழைய கோட்டையைச் சுற்றி ஒரு பந்தயச் சாலை போடும் பணி 1925இல் தொடங்கியது. 1927 ஜூனில் அச்சாலை திறக்கப்பட்டது. நூர்புர்க்ரிங் என்று பெயர் பெற்ற அதன் முழு நீளம் 28 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அதில் ஏறத்தாழ 22.8 கி.மீ. நீண்ட வடக்குச் சுற்றே நோர்ட்ஷ்லைஃபே எனப் பின்னர் உலகெங்கும் அறியப்பட்டது. பந்தயம் இல்லாத நாட்களில் சுங்கம் செலுத்தும் எவரும் தம் சொந்த வண்டியை ஓட்டிச் செல்லக்கூடிய ஒருவழிச் சாலையாகவும் அது தொடக்கம் முதலே இருந்துவந்ததால், பந்தயக் களத்துக்கும் பொதுச் சாலைக்கும் இடையே அங்கு உறுதியான வேலி எழவில்லை. சாலையில் ஓட உரிமம் பெற்ற கார்களைப் பந்தயக் கடிகாரத்தால் அளக்கும் வழக்கம் பிற்காலத்தில் அவ்விடத்தில் வேரூன்றியதற்கு இந்த இரட்டைத் தன்மையே அடிப்படை.

அளவுகோலாக அச்சாலை மதிக்கப்பட்டதற்கு அதன் நில அமைப்பு இன்னொரு காரணம். இன்றைய வடக்குச் சுற்றின் 20.832 கி.மீ. நீளத்தில் 73 வளைவுகளும், மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 300 மீட்டர் உயர வேறுபாடும் உள்ளன. ஃப்ளூக்பிளாட்ஸ் என்னும் மேட்டில் காரின் எடை சக்கரங்களிலிருந்து ஒரு கணம் விலகுகிறது. ஃபுக்ஸ்ரோரே என்னும் பள்ளத்தின் அடியிலோ வண்டி தன் எடையைவிடப் பெரிய சுமையுடன் சாலையில் அழுந்துகிறது. காருசெல் வளைவின் உட்புறத்தில் சாய்வாகப் பதிக்கப்பட்ட கான்கிரீட் பாளங்களில் சக்கரங்கள் இறங்கும்போது, தாரில் பழகிய டயர் முற்றிலும் வேறொரு பரப்பைச் சந்திக்கிறது. ஆகவே டயரிலிருந்து அச்சாலை கேட்கும் பிடிமானம் ஒரே சுற்றுக்குள் பலமுறை மாறுகிறது.

இந்தக் கடுமையே அங்கு உயர்நிலைப் பந்தயங்களுக்கு முடிவு கட்டியது. 1976 ஆகஸ்ட் 1 அன்று நிக்கி லாவ்டா தீக்காயங்களுடன் உயிர் பிழைத்த விபத்துக்குப் பின், ஃபார்முலா 1 பந்தயம் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவில்லை. 1983இல் ஸ்டெஃபான் பெல்லோஃப் போர்ஷே 956 பந்தயக் காரில் தகுதிச் சுற்றை 6 நிமிடம் 11.13 நொடியில் முடித்தார். அடுத்த ஆண்டு, குறுகிய புதிய பந்தயத் தடம் அருகிலேயே திறக்கப்பட்டது. பெரும் பந்தயங்கள் விலகிய அச்சாலையில் கார் நிறுவனங்களின் சோதனை ஓட்டங்கள் பெருகின. 1990களின் நடுவில் நிஸ்ஸான் தன் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் 7 நிமிடம் 59 நொடிச் சுற்றை விளம்பரமாக்கியதும், 'ஸ்போர்ட் ஆட்டோ' என்னும் ஜெர்மன் இதழ் 1997 முதல் ஒரே ஓட்டுநரைக் கொண்டு பல கார்களின் நேரத்தை அளந்து வெளியிடத் தொடங்கியதும், சுற்று நேரத்தை விற்பனைப் பொருளாகவே மாற்றின.

அந்த நேரங்கள் காரின் பெயரில் எழுதப்பட்டன. ஆனால் அவற்றைத் தீர்மானித்ததில் டயரின் பங்கு எவ்வளவு என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும். சாலையை அழுத்தும் சுமையில் எத்தனை பங்கைப் பக்கவாட்டு விசையாக டயர் தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்ணே உராய்வுக் குணகம். அது 1.0 ஆக இருந்தால், 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவை ஏறத்தாழ மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடக்கலாம், 1.2 ஆக உயர்ந்தால் வேகம் 87 கி.மீ. ஆகிறது. நேர்ச்சாலையிலோ காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக வளர்வதால், எஞ்சின் திறனைப் பத்து விழுக்காடு கூட்டினாலும் உச்ச வேகம் மூன்று விழுக்காடு அளவே ஏறுகிறது. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள் கொண்ட சாலையில், நேரத்தைக் குறைக்க விரும்பும் பொறியாளர் எஞ்சினுக்கு முன் டயரைப் பார்ப்பது இதனால்தான்.

டயரின் பிடிமானம் இரு வழிகளில் பிறக்கிறது: ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்புடன் கணநேரம் ஒட்டிப் பிரிவது ஒன்று, மென்மையான ரப்பர் தாரின் பொடிக்கற்களைச் சுற்றி அமுங்கி, மீண்டு எழும்போது ஆற்றலை இழப்பது மற்றொன்று. இரண்டும் வெப்பத்தைச் சார்ந்தவை. குளிர்ந்த கலவை விறைத்து வழுக்கும், அளவுக்கு மீறிச் சூடேறியது குழைந்து தேயும். மேலும், சுமை இருமடங்கானால் பிடிமானம் அதே விகிதத்தில் உயர்வதில்லை. கனமான சூப்பர் கார்கள் அகன்ற டயர்களை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1940களின் இறுதியில் மிஷ்லன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரும், 1970களில் பிரெல்லி உருவாக்கிய, பக்கச் சுவர் தாழ்ந்து அகலம் கூடிய பி7 டயரும் இத்துறையின் இரு பெரும் திருப்பங்கள். அவற்றின் வழியில் வந்ததே பந்தயத் தடத்துக்காகவே வடிக்கப்பட்டு, சாலைச் சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் பள்ளக் கோடுகள் வெட்டப்பட்ட அரைப் பந்தய டயர். அமெரிக்க விதிகளின்படி டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்படும் தேய்மான எண் அதன் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லும்: ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்தால், இருமடங்கு காலம் உழைப்பதற்கு 200. இவ்வகையைச் சேர்ந்த பிரெல்லி டிரோஃபியோ ஆர் டயரின் எண் 60 மட்டுமே. பிடிமானத்துக்காக ஆயுள் விலையாகத் தரப்பட்டிருக்கிறது.

டயரைப் பற்றிய ஐயம் 2008இல் பொதுவெளிக்கு வந்தது. நிஸ்ஸான் ஜிடி-ஆர் கார் 7 நிமிடம் 29 நொடியில் சுற்றியதாக அறிவிக்கப்பட்டபோது, தாங்கள் வாங்கி ஓட்டிப்பார்த்த அதே வகைக் காரால் 7 நிமிடம் 54 நொடியே எட்ட முடிந்தது என்று போர்ஷே பொறியாளர் ஒருவர் கூறி, விற்பனைக்கு வரும் டயர்தான் பயன்பட்டதா என்ற கேள்வியை எழுப்பினார். எல்லாம் வழக்கமான டயரே என்று நிஸ்ஸான் மறுத்தது. அந்தச் சர்ச்சைக்கு முடிவு கிடைக்கவில்லை எனினும், அதன் மையக் கேள்விக்கு ஒரு பகுதி விடையை ஷெவர்லே கொர்வெட் இசட்ஆர்1 அளித்தது. 2008இல் அக்கார் சாதாரணச் சாலை டயருடன் 7 நிமிடம் 26.4 நொடி எடுத்தது. 2011இல் அதே ஓட்டுநர், அதே 638 குதிரைத்திறன் எஞ்சின், ஆனால் அரைப் பந்தய டயர் என்ற நிலையில் 7 நிமிடம் 19.63 நொடி ஆயிற்று. இடையில் செய்யப்பட்ட சிறு திருத்தங்களை ஒதுக்கினாலும், ஏறத்தாழ ஏழு நொடியின் பெரும்பங்கு ரப்பருக்கே உரியது.

அதன்பின் காரும் டயரும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டன. போர்ஷேவின் ஒப்புதல் பெற்ற டயரின் பக்கச் சுவரில் 'என்' எழுத்தும் ஓர் எண்ணும் காணப்படுவது இந்த உறவின் முத்திரை. 2013இல் 887 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 918 ஸ்பைடர் 6 நிமிடம் 57 நொடியில் சுற்றியது. 2016இல் 640 குதிரைத்திறனே உள்ள லம்போர்கினி ஹுராகான் பெர்ஃபோர்மான்தே, பிரெல்லி டிரோஃபியோ ஆர் டயருடன் அதைவிட ஏறத்தாழ ஐந்து நொடி குறைத்தது. மறு ஆண்டு, பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் 700 குதிரைத்திறன் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் 6 நிமிடம் 47.3 நொடியைத் தொட்டது. திறன் குறைந்த கார்கள் முந்தியதற்கு டயர் மட்டுமே காரணமன்று. வேகம் கூடக்கூடக் காரைச் சாலையில் அழுத்தும் காற்றியல் இறக்கைகளும், குறைந்த எடையும் துணை நின்றன. ஆயினும் அந்த அழுத்தத்தைப் பிடிமானமாக மாற்றித் தரும் இடம், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கை அளவுப் பரப்பே.

ஒப்பீடு நேர்மையாக வேண்டுமானால் அளவும் ஒன்றாக வேண்டும் என்ற நிலையில், தட நிர்வாகம் 2019இல் விதிகளை வகுத்தது. நிறுவனங்கள் பார்வையாளர் மேடையை அடுத்த சிறு நேர்ச்சாலையை விட்டு 20.6 கி.மீ. மட்டும் அளந்துவந்த பழக்கம் நீங்கி, 20.832 கி.மீ. முழுச் சுற்றே அதிகாரபூர்வ அளவாயிற்று. காரின் நிலையைச் சான்றுரைக்கும் பொதுச் சான்றலுவலர் முன்னிலையும் வழக்கமாயிற்று. 2021இல் மேம்படுத்தப்பட்ட ஒரு ஜிடி2 ஆர்எஸ் ஓடிய அதே சுற்றுக்கு, பழைய அளவில் 6 நிமிடம் 38.835 நொடி, புதிய அளவில் 6 நிமிடம் 43.300 நொடி என்று இரு நேரங்கள் அறிவிக்கப்பட்டன.

விதியால் கட்ட முடியாதது சாலையின் நிலை. 2022 அக்டோபரில் மாரோ எங்கல் ஓட்டிய மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன், சாலை சில இடங்களில் ஈரமும் அழுக்குமாக இருந்த நிலையில், முழுச் சுற்றை 6 நிமிடம் 35.183 நொடியில் முடித்து, சாலையில் ஓட உரிமம் பெற்ற கார்களுக்கான சாதனை படைத்தது. 2024இல் அதே வகைக் காரை அதே ஓட்டுநர் உலர்ந்த சாலையில் ஓட்டியபோது 6 நிமிடம் 29.090 நொடி ஆயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறன் இரு முறையும் இருந்தது. இடைப்பட்ட ஆறு நொடியில் பெரும்பகுதி, ரப்பருக்கும் தாருக்கும் நடுவே தங்கியிருந்த ஈரத்தின் கணக்கு.