ரிச்சி மெக்காவ்

நியூசிலாந்தின் ரக்பி யூனியன் வீரர், ஓப்பன்சைடு ஃபிளாங்கர். 1980 டிசம்பர் 31 அன்று தென் தீவின் ஓமாரு நகரில் பிறந்து, ஹக்கட்டராமியா பள்ளத்தாக்கில் பண்ணைக் குடும்பமொன்றில் வளர்ந்தார். 2001 நவம்பரில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்காக முதன்முதலில் ஆடியபோது, சூப்பர் 12 தொடரில் அவருக்கு இருந்த அனுபவம் சில நிமிடங்களே. அந்தத் தேர்வு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஆட்ட நாயகன் விருதோடு அவர் களத்தை விட்டு வெளியேறினார். அந்த ஆட்டம் முதல் 2015 வரை 148 டெஸ்ட்களில் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களில்) ஆடி 131-இல் வென்றார். 2006, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் உலகின் சிறந்த வீரராகத் தேர்வானார். ரக்பியில் மிக அதிகமாக அடிபடும் இடத்தில் ஆடியவர் பதினான்கு ஆண்டுகள் முன்னணியில் நின்றதற்கு உடல்வலு மட்டும் காரணமாக முடியாது. மாறிக்கொண்டே இருந்த விதிகளையும் அவற்றை நடுவர்கள் பார்க்கும் விதத்தையும் இடைவிடாமல் படித்ததே அவரை நிலைநிறுத்தியது.

ஓப்பன்சைடு ஃபிளாங்கரின் வேலை நடப்பது பந்தோடு ஓடியவர் டேக்கிளில் விழும் இடத்தில்தான். அங்கே முதலில் போய்ச் சேர்ந்து, காலூன்றி நின்றபடியே குனிந்து பந்தைப் பற்ற வேண்டும். அதற்குள் எதிரணியின் முன்களத்தவர் தோளால் மோதித் தள்ள வந்துவிடுவார்கள். பந்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பெனால்ட்டி கிடைக்கலாம், அல்லது தன் மீதே விழலாம். விட்டுவிடுவதா வேண்டாமா என்பதை ஓரிரு நொடியில் முடிவு செய்தாக வேண்டும். முதலில் பந்தைப் பற்றியவர், தரையிலுள்ள பந்துக்கு மேல் இரு அணியினரும் மோதி நெருக்கும் ‘ரக்’ உருவான பிறகும் கையை எடுக்க வேண்டியதில்லை என்ற விளக்கம் 2009-இல் வந்தது. டேக்கிள் செய்தவர் விழுந்தவரை முழுவதுமாக விட்ட பிறகே பந்தைத் தொட வேண்டும் என்ற கண்டிப்பு 2010-இல் வந்தது. இரண்டுமே அவர் தொழிலின் அடிப்படையைத் தொட்டவை. அந்த இரண்டு ஆண்டுகளிலும் உலக விருது அவருக்கே போனது என்பதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அவர் ஏமாற்றுபவர், ஆஃப்சைடில் நின்றே பந்தைத் திருடுபவர் என்று எதிரணி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2015 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா வீரரைக் காலால் இடறிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கியது தெளிவான குற்றம். ஆனால் ரக் என்பது ஒவ்வொரு முறையும் நடுவர் தம் பார்வையால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம். அன்றைய நடுவர் எங்கே கோடு போடுகிறார் என்று முதல் சில நிமிடங்களிலேயே கணித்து, அந்தக் கோடு வரை போவதற்குப் பெயர் திறமை. வெறும் ஏமாற்று பல நாட்டு நடுவர்களின் கண்முன் 148 டெஸ்ட்களுக்குத் தாக்குப்பிடிக்காது.

தொழில்முறைக் காலத்தில் டெஸ்ட்கள் பெருகியதால்தான் இந்த எண்ணிக்கை வந்தது என்பது இன்னொரு வாதம். அது நியாயமானது: அமெச்சூர் காலத்தின் மாபெரும் முன்கள வீரர் காலின் மீட்ஸ் 1957 முதல் 1971 வரை ஆடியும் அவருக்கு 55 டெஸ்ட்களே கிடைத்தன. ஆனால் ஆட்டங்கள் பெருகினால் அடிகளும் பெருகும். 2011 உலகக் கோப்பையை மெக்காவ் முறிந்த பாதத்தோடு ஆடினார். எக்ஸ்ரே எடுத்தால் விலக நேரும் என்று எடுக்கவே மறுத்தார். அத்தகைய துணிச்சலை மட்டும் நம்பி அவர் இருக்கவில்லை. 2013-இன் முதல் பாதியில் ஒப்பந்தப்படி ஆட்டத்திலிருந்து முழு ஓய்வு எடுத்துக்கொண்டார்.

தலைமையிலும் இதே கற்றல்தான். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில், கார்டிஃப் நகரில், பிரான்ஸிடம் 18-20 என்று தோற்றபோது, கடைசி நிமிடங்களில் டிராப் கோலுக்கு முயலாததற்காக அணித்தலைவரான மெக்காவ் மீது பழி விழுந்தது. நாட்டின் கோபத்தை மீறி நியூசிலாந்து ரக்பி வாரியம் அவரையும் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியையும் தக்கவைத்தது. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அதே பிரான்ஸை 8-7 என்று வென்றபோது, இறுதி நிமிடங்களின் நெருக்கடியில் அணி நிதானம் இழக்கவில்லை. 2015 இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவை 34-17 என்று வென்று, உலகக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்ட முதல் அணியானது நியூசிலாந்து. அதே ஆண்டு நவம்பரில் மெக்காவ் ஓய்வை அறிவித்தார். ஆல் பிளாக்ஸில் அவருடைய 148 டெஸ்ட் சாதனையை 2023 உலகக் கோப்பையின்போது சாம் வைட்லாக் முந்தினார். அணித்தலைவராக ஆடிய 110 டெஸ்ட்களை எந்த நாட்டு வீரரும் இன்னும் எட்டவில்லை.