கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'ஓவர் ஆக்டிங்' என்று ஒதுக்கிவிடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. பேச்சு எழுந்ததும் முதலில் அடிபடும் பெயர் சிவாஜி கணேசன். உதடு துடிப்பதையும், கன்னத்துச் சதை ஆடுவதையும், மூச்சு விடாமல் வசனம் பொழிவதையும் கேலி செய்தே வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மிகை என்று நாம் பெயரிட்டிருப்பதில் பெரும்பகுதி ஒலிபெருக்கி இல்லாத மேடையில் உருவான தொழில்நுணுக்கம். இயல்பு நடிப்பு பின்னால் வந்ததற்கு, நடிகர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது காரணமல்ல. கேமராவும் ஒலியும் வசனம் எழுதும் முறையும் மாறின. நடிப்பும் மாறியது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களைக் கொண்டே நடந்த நாடகக் குழுக்களில், இந்தத் தொழில்நுணுக்கத்தின் வேர் இருக்கிறது. 1918-இல் மதுரையில் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். இத்தகைய கம்பெனிகளில் வாத்தியார் வைத்ததுதான் சட்டம். பாட்டு, பாடம், உச்சரிப்பு எல்லாம் அடியும் திட்டுமாகவே மனத்தில் ஏறின. பெண் வேடமும் பையன்களுக்குத்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதுவரை கிடைத்த வேடமெல்லாம் கைவிட்டுப் போகும். குரல்தான் அங்கே மூலதனம். பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா திரைக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்கினால் கூட்டம் அடங்கிவிடும் என்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் தொலைவிலிருப்பவனுக்கு நடிகனின் கண் தெரியாது. கையும் தோளும் தலையசைப்பும்தான் தெரியும். ஆகவே துக்கத்தை உடம்பு முழுக்கக் காட்ட வேண்டியிருந்தது. தனித்தனி நடிகர்களை அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்திலோ ராஜபார்ட் (நாயகன்) ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி) வேறூரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே மேடையேறுவார்கள். அடையாளமும் அசைவும் ஊரறிந்ததாக, தெளிவாக இருந்தால்தான் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர முடியும். ஏழு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீதை வேடமும் போட்ட கணேசன் கற்றது இந்தத் தொழிலைத்தான்.

சினிமா வந்ததும் இது மறைந்துவிடவில்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' தொடங்கித் திரையில் தோன்றியவர்களில் பெரும்பாலோர் மேடைக்காரர்களே. கதைகளும் மேடையில் ஓடிய கதைகள். 1934-இன் 'பவளக்கொடி'யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டு. எல்லிஸ் ஆர். டங்கன் போன்ற இயக்குநர்கள் கேமராவை நகர்த்தவும் முகத்துக்கு அருகே கொண்டுபோகவும் முயன்றார்கள்; ஆனால் படம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் எது என்று பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ். மணல் தரை, கரகரக்கும் ஸ்பீக்கர், ரீல் மாற்ற இடைவேளை, அழும் குழந்தை, முறுக்கு விற்பவனின் கூவல். 'பராசக்தி'யில் (1952) சிவாஜி பேசும் நீதிமன்றக் காட்சியை அந்த மணலில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். லகர, ளகர, ழகரம் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுவதில்லை. குரல் படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று, சட்டென்று இறங்கும். கேட்பவன் மூச்சு வாங்குவதற்கான இடம் அது. அன்றைய ரசிகன் படத்தைப் பார்த்ததோடு நிற்கவில்லை, கேட்டான். வசனம் இசைத்தட்டாக விற்றது, புத்தகமாக விற்றது. பேச்சுக்கலை அரசியலையே நடத்திய காலத்தில் நடிகன் முணுமுணுத்திருந்தால் அதுதான் பிழையாக இருந்திருக்கும்.

அப்படியானால் அதே காலத்தில் எஸ்.வி. ரங்காராவ் எப்படி அலட்டிக்கொள்ளாமல் நடித்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் அல்ல. படித்தவர், ஆங்கில நாடகங்கள் நடத்திய அமெச்சூர் மேடையிலிருந்து வந்தவர். பயிற்சி வேறு, பழக்கம் வேறு. இதைவிட வலுவான பதிலை சிவாஜியே தருகிறார். 'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டில், 1954-இல், எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. பாட்டே கிடையாது. படம் தொடங்கும்போதே சிவாஜி நடித்த, ரேடியோ என்ஜினியரான நாயகன் சுடப்பட்டுச் சாகிறான். அவன் யார் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நிழலும் வெளிச்சமுமாகப் படமாக்கப்பட்ட அந்தக் கதைக்கு அடுக்குமொழி தேவைப்படவில்லை. சிவாஜியும் அதைக் கொண்டுவரவில்லை. குறைக்கத் தெரியாதவர் அல்ல அவர். குறைக்கச் சொல்லும் படங்கள் அவருக்கு அரிதாகவே கிடைத்தன.

எழுத்துப் பக்கத்திலிருந்து இதற்குச் சாட்சி மகேந்திரன். சிவாஜியின் கம்பீரத்துக்கென்றே அமைந்ததுபோல் நின்ற 'தங்கப்பதக்கம்' (1974) அவர் எழுதியது. நான்கே ஆண்டில் அதே கை 'முள்ளும் மலரும்' எடுத்தது. ரஜினிகாந்தின் காளி, ஒரு கையை இழந்தபின் துக்கத்தைப் பேசித் தீர்ப்பதில்லை. நடிகனின் தொண்டை அதுவரை சுமந்த பாரத்தை அங்கே பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் பின்னணி இசையும் பங்கிட்டுக்கொண்டன. இயல்பு நடிப்பைப் புகழும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்: நடிகன் சும்மா நிற்கலாம், ஏனென்றால் அவனைச் சுற்றி நாலு பேர் உழைக்கிறார்கள்.

எல்லா மிகையையும் நான் காப்பாற்ற வரவில்லை. எழுபதுகளில் கைதட்டலை எதிர்பார்த்தே காட்சிகள் எழுதப்பட்டன. தேவை போனபின்னும் பழக்கம் நின்றது. அப்படி வந்த பல படங்களில் சிவாஜியின் நடிப்பு கதையை விட்டு விலகி நிற்பது உண்மை. இன்றைய தொலைக்காட்சி நெடுந்தொடரில் அது இன்னும் மோசம். திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒலி துல்லியம். ஆனாலும் ஒரே அதிர்ச்சி முகத்தை மூன்று முறை, இடிச் சத்தத்தோடு காட்டுகிறார்கள். சமையலறையில் வேலையாக இருப்பவருக்கும் காதுவழியே கதை புரிய வேண்டும் என்ற நியாயம் அதற்குச் சொல்லப்படலாம். ஆனால் கம்பெனிக்காரன் வருஷக்கணக்காகப் பயின்ற குரல் அதில் இல்லை. தினமும் ஒரு அத்தியாயம் தந்தாக வேண்டிய அவசரம்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது அநியாயம்.

'முதல் மரியாதை'யில் (1985) இளவட்டக்கல்லைத் தூக்கிவிட்டுப் பூரிக்கும் கிழவரும், 'தேவர் மகன்' (1992) படத்தில் மகனிடம் தணிந்த குரலில் ஊர்ப்பொறுப்பைப் பேசும் அப்பாவும் அதே பாய்ஸ் கம்பெனிப் பையன்தான். ஆகவே 'ஓவர் ஆக்டிங்' என்ற சொல் வாயில் வரும்போது, 'பராசக்தி'யையும் 'அந்த நாளை'யும் அடுத்தடுத்து, ஃபோனில் அல்லாமல் பெரிய திரையில், முழுதாகப் பாருங்கள். அதன்பிறகு சொல்லுங்கள்.