சாம்பல் குழி

அமாவாசைக்கு முந்தின நாள் அப்பத்தா கோழிக்கூட்டுக்குத் தீ வைப்பாள்.

கோழிகள் மேயப் போன பிறகு ஒரு கத்தை வைக்கோலைப் பற்றவைத்து, மண்கூட்டின் வாய்க்குள் நுழைத்து, மூலை மூலையாக, வெடிப்பு வெடிப்பாகக் காட்டிவிட்டு வெளியே இழுப்பாள். உள்ளேயிருந்து எள் பொரிவதுபோலச் சடசடவென்று கேட்கும். "உண்ணி வெடிக்குது பாரு" என்பாள். சூடு ஆறியதும் சாணி போட்டு மெழுகி, காய்ந்த பிறகு நாலு விரல் கனத்துக்கு உமி பரப்பி, அதன்மேல் உமி எரித்து நெல் அவித்த அடுப்பின் சாம்பலைத் தூவுவாள். மிச்சச் சாம்பல் முருங்கை மரத்தடியில் கோழிகள் பறித்து வைத்திருந்த குழிக்குப் போகும். ராசிபுரத்துக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், 1960களின் கடைசியில், கோழி வளர்த்த எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் வழக்கம்.

1979-இல் நான் கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை என் கையால் கோழிக்குத் தூவிய பொடிகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் அநேகமாக எதுவும் இன்று கடையில் இல்லை. சிலவற்றை அரசே தடை செய்துவிட்டது. அப்பத்தாவின் சாம்பல் மட்டும் இன்னும் இருக்கிறது. அது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆயுள் பிடித்தது.

முதலில் எதிரி யார் என்று சொல்லிவிடுகிறேன். செள்ளு என்று ஊரில் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல வகை. பேன் கோழியின் உடம்பைவிட்டு இறங்காது. இறகின் அடித்தண்டில் கொத்துக் கொத்தாக ஈர் ஒட்டி வைக்கும். முட்டையிலிருந்து முட்டைக்கு மூன்று வாரம். அடைக்கோழியைத் தூக்கினால் நம் முழங்கை வரை ஊறி ஏறுகிறதே, அது வேறு; அது சிற்றுண்ணி. அதிலும் சிவப்புச் சிற்றுண்ணி பகலெல்லாம் மர இடுக்கில் கிடந்து, இரவில் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியைப் பிடித்து இறகு இறகாகப் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரே வாரத்தில் அது ஒரு தலைமுறை கண்டுவிடும். மூன்றாவது, சுவர் வெடிப்பில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் கோழி உண்ணி. இரண்டு ஆண்டுக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து உயிர் பிழைக்கக்கூடியது. கோழிக்குக் காய்ச்சலையும் கொண்டுவருவது.

ஆக, உடம்பில் ஒரு பகை, கூட்டில் ஒரு பகை. அப்பத்தா வெடிப்புக்குத் தீயும் உடம்புக்குச் சாம்பலும் வைத்திருந்தாள். இந்த வேறுபாட்டை எனக்குப் பயிற்சி வகுப்பில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

உமியும் கோழியும் ஒரே களத்தில் சேர்ந்தவை. கோழி மனிதனோடு வந்து சேர்ந்ததற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய உறுதியான எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்திலிருந்து வந்தவை, கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்று 2022-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காட்டுக்கோழியை மரத்திலிருந்து இறக்கி ஊருக்குள் கொண்டுவந்தது மானாவாரி நெல்லும் தினையும்தான் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. நெல் குத்திய இடத்தில் கோழி பொறுக்க வந்தது. குத்தி மிஞ்சிய உமி அதற்கே மெத்தையாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

கோழி மண்ணில் புரள்வதைப் பழங்காலத்தவர் பிற நாடுகளிலும் கவனித்திருக்கிறார்கள். மண்ணில் புரளாத பறவை பேன் பிடித்துச் சாகும் என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எழுதினார். ரோமில் முதல் நூற்றாண்டில் வேளாண் நூல் எழுதிய கொலுமெல்லா, கோழிகள் புரளக் கூரைக்கடியில் காய்ந்த புழுதியும் சாம்பலும் போட்டுவைக்கச் சொன்னார். சாம்பல் எப்படிக் கொல்கிறது என்பது மட்டும் வெகுகாலம் யாருக்கும் தெரியாது. பூச்சியின் தோலுக்குமேல் மெழுகுபோல ஒரு மெல்லிய பூச்சு உண்டு. உடம்பின் ஈரத்தைக் காப்பது அதுதான். நுண்ணிய கடினத் தூள் அந்த மெழுகைச் சுரண்டிவிட்டால் பூச்சி வறண்டு சாகும். இதை 1940களில் இங்கிலாந்தில் விக்கிள்ஸ்வொர்த் என்ற பூச்சியியலாளர் நிறுவினார். இன்று இதே வேலைக்காக டயட்டம் மண் என்று பை பையாக விற்கிறார்கள். டயட்டம் என்பது நுண்ணிய நீர்ப்பாசி. அதன் ஓடுகள் படிந்து உண்டான அந்த மண் பெரும்பாலும் சிலிக்கா. உமிச் சாம்பலும் அப்படித்தான், பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டு வேறு பக்கம் போனது. 1917-இல் அமெரிக்க வேளாண் துறை கோழிப் பேனுக்கும் சிற்றுண்ணிக்கும் ஒரு கையேடு வெளியிட்டது. சோடியம் ஃபுளோரைடைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துத் தலையில், கழுத்தில், முதுகில், இறக்கைக்கு அடியில் இறகின் அடிவரை தேய்க்கச் சொன்னது. பேன் போயிற்று, நஞ்சு என்பதால் தேய்ப்பவரும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. பிறகு கோழி அடையும் கட்டையில் புகையிலைச் சத்தைப் பூசினார்கள். அதன்பின் டி.டி.டி. 1939-இல் பால் முல்லர் அதன் கொல்லும் சக்தியைக் கண்டார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் கூடவே பி.எச்.சி. வந்தது. 1952-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் தொடங்கிய அதன் ஆலையோடுதான் இந்தியாவில் பூச்சிமருந்து உற்பத்தியே தொடங்கியது.

எங்கள் ஊர்ப் பக்கம் நெல்லுக்கு, கடலைக்கு, எறும்புக்கு, மாட்டு உண்ணிக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பொடிதான். கோழியை மட்டும் ஏன் விடுவார்கள்?

1982-இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை, கோழிக்கழிச்சல் ஊசி போடும் நாள். வயதான அம்மா ஒருவர் அடைக்கோழியைக் கூடையோடு கொண்டுவந்தார். கூடையில் உமி, இடிக்குப் பயந்து போட்ட இரும்புத் துண்டு, கரி, ஒரு வரமிளகாய், பதின்மூன்று முட்டை. கோழியின் நெஞ்சு முழுக்கச் செள்ளு. "ஏனுங் தம்பி, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். நான் பத்து சதவீத பி.எச்.சி. பொடியைக் கோழி மேலும் உமி மேலும் தாராளமாகத் தூவி அனுப்பினேன். செள்ளு ஒரே நாளில் போய்விட்டது. குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் அந்த அம்மா திரும்பி வந்தார். பதினோரு குஞ்சில் ஒன்பது, கால் இழுத்துக்கொண்டு செத்திருந்தன. "உங்க மேல குத்தமில்லீங், என் நேரம்" என்றார். குற்றம் என்னுடையதுதான். குஞ்சு பகலெல்லாம் கிடக்கும் மெத்தையில் நஞ்சு போடக் கூடாது என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. பி.எச்.சி. கொழுப்பில் தங்கி முட்டைக்கும் பாலுக்கும் வரும் என்பதும் அப்போது என் போன்றோர் பேச்சில் இல்லை. அந்தப் பொடியை 1997-இல்தான் நாடு தடை செய்தது.

அதற்குப் பிறகு நான் மாறிய பொடி செவின். கார்பரில் என்பது அதன் வேதிப் பெயர். பி.எச்.சி. போல வருடக்கணக்கில் தங்காது, பத்திரமானது என்றார்கள். நானும் நம்பிக் கொடுத்தேன். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தது. அந்த யூனியன் கார்பைடு ஆலை செய்துகொண்டிருந்தது செவினைத்தான். கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் அதற்கான மூலப்பொருள். செய்தித்தாளில் அந்தப் பெயரைப் பார்த்தபோது என் மேசை இழுப்பறையில் அரை டப்பா இருந்தது. அதன் பிறகும் பல ஆண்டு அது கடையில் கிடைத்தது. 2018 ஆகஸ்டில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் கார்பரிலும் இருந்தது.

மெத்தையின் கதை இதைவிட நல்ல கதை. 1940களில் அமெரிக்காவின் ஒஹையோ வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்டும் அவர் கூட்டாளிகளும் கோழிக்கூளத்தை அடிக்கடி அள்ளிக் கொட்டாமல், மேலே மேலே போட்டுக் கிளறிவிட்டு மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். கோழிகள் நன்றாகவே இருந்தன. மீன்தூள் குறைந்த தீவனத்திலும் தேறின. கூளத்தில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய சத்து, 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 என்று பின்னர் தெரிந்தது. இதுதான் நம்மூரில் ஆழ்கூளம் என்று வந்தது.

ஆழ்கூளத்துக்கு எதைப் போடுவது என்பதில் எங்கள் பக்கமும் பல்லடம் பக்கமும் ஒத்துப்போக மாட்டோம். அவர்களுக்குப் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு கிடைத்தது. ஈரத்தை நன்றாகக் குடிக்கும், ஆனால் குடித்ததை விடாது. கடலைத்தோல் மலிவு, மெத்தென்று இருக்கும். நனைந்தால் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணம் குஞ்சின் நுரையீரலுக்குப் போகும். மரத்தூள் பொடியாக இருந்தால் குஞ்சு அதைத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். என் ஓட்டு உமிக்கே. அது ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது என்பது உண்மை; ஆனால் கட்டி தட்டாது, கிளறிவிட்டால் காற்று நுழையும், சீக்கிரம் காயும். முதல் சில நாள் மட்டும் குஞ்சுகள் உமியைக் கொத்தாமலிருக்க மேலே செய்தித்தாள் விரித்து நொய் தூவ வேண்டும். கூளம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈர மெத்தையில் எந்தப் பொடி போட்டாலும் வீண். சாம்பலும் நனைந்தால் வேலை செய்யாது, காரமாகிக் காலைப் புண்ணாக்கும். ஒரு கை சுண்ணாம்புத் தூளைச் சேர்த்துக் கிளறுவது ஈரத்தை இழுக்கும். அதற்குமேல் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

நாட்டு வைத்தியம் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சீத்தாப்பழ விதைத் தூள் பேனைக் கொல்லும், கோழியின் கண்ணையும் கெடுக்கும். புகையிலைத் தண்ணீர் கூடிப்போனால் கோழியே போய்விடும். நொச்சியும் வேப்பிலையும் சற்று விரட்டும். மொய்த்துக் கிடக்கும்போது அவை போதா.

நாமக்கல்லில் 1970களுக்குப் பிறகு பண்ணைகள் பெருகிக் கோழிகள் கம்பிக் கூண்டுக்கு ஏறின. கூண்டில் மெத்தையும் கிடையாது, புரள மண்ணும் கிடையாது. ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை, உச்சி வெயிலில், அரைமணி நேரம் புழுதி குளிப்பது கோழியின் பிறவிப் பழக்கம். அதை எடுத்துவிட்டால் பேனுக்கும் சிற்றுண்ணிக்கும் தடையே இல்லை, மருந்துதான் கதி. அந்த மருந்து முட்டைக்குள் போன கதை 2017-இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்தது: சிவப்புச் சிற்றுண்ணிக்காகக் கொட்டகையில் தெளித்த திரவத்தில், உணவுக் கோழிக்கு அனுமதியில்லாத ஃபிப்ரோனில் கலந்திருந்தது. பல நாடுகளில் கோடிக்கணக்கில் முட்டைகள் அப்புறப்படுத்தப்பட்டன.

2012-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் மார்ட்டினும் மல்லன்சும் கோழிகளுக்குப் புழுதிப் பெட்டி வைத்துப் பார்த்தார்கள். மணலோடு டயட்டம் மண், வெண்களிமண், கந்தகம் என்று தனித்தனியாகக் கலந்தார்கள். புரண்ட கோழிகளில் ஒரே வாரத்தில் பூச்சி 80 முதல் 100 சதவீதம் குறைந்தது. கந்தகம் போட்ட இடத்தில் புரளாத கோழிக்கும் பலன் கிடைத்தது. பெட்டி காலியானதும் பூச்சி திரும்பி வந்தது. கந்தகத்தூள் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பொருள்.

அதனால் கோழி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மழை படாத இடத்தில், இரண்டு கோழி சேர்ந்து புரளும் அகலத்துக்கு ஒரு குழி எடுங்கள். பாதி காய்ந்த மண், பாதி உமிச் சாம்பல், மேலே ஒரு பிடி கந்தகம் போடுங்கள். தூவும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நம் நுரையீரலுக்கும் ஆகாது. மாதம் ஒருமுறை கூட்டின் இடுக்கில் தீ காட்டுங்கள். மரக்கூடாக இருந்தால் கொதிநீர் ஊற்றுங்கள். பிறகு ஓர் இரவு, கோழி அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, அடையும் கட்டைக்கடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். துணியில் சிவப்புப் புள்ளிகள் ஓடினால், மறுநாளே உமியை அள்ளிக் கூட்டுக்கு வெளியே எரித்துவிடுங்கள்.