கண்ணாடித் தொட்டியும் ஒரு சின்ன உயிரும்



வெளிநாட்டில் குடியிருக்கும் உங்களில் சிலர் வீட்டில், பிள்ளைகள் நியூட் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். பார்த்தால் பல்லி போல இருக்கும். ஆனால் செதில் கிடையாது. தவளையைப் போலவே, ஈரத் தோலுள்ள நீர்நில வாழ்வி. அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1768-இல் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி, இவ்வுயிரின் வாலும் கால்களும் வெட்டுப்பட்டாலும் மீண்டும் வளர்வதை எழுதினார். அன்றிலிருந்து ஆய்வுக்கூடங்கள் இதை விடவில்லை. 1924-இல் ஜெர்மனியில் ஸ்பேமானும் அவருடைய மாணவி ஹில்டா மான்கோல்டும், ஒரு நியூட் கருவின் சிறு துண்டை இன்னொரு கருவில் ஒட்டி வைத்து, அங்கே இரண்டாவது உடல் உருவாவதைக் காட்டினார்கள். 1935-இல் ஸ்பேமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மான்கோல்டு அதற்கு முன்பே, கட்டுரை வெளியான ஆண்டிலேயே, வீட்டில் நடந்த தீ விபத்தில் இறந்துவிட்டார்.

வீட்டுத் தொட்டிக்குத் தனிக் கதை உண்டு. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-இல் நீங்கியது, கண்ணாடி மலிந்தது. 1850-இல் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீனோடு நீர்ச்செடியும் நத்தையும் சேர்ந்தால் தொட்டி நீர் கெடாமல் இருப்பதை விளக்கினார். 1854-இல் காஸ் எழுதிய புத்தகம் அந்த ஆசையை வீடு வீடாகக் கொண்டுபோனது.

பிறகு வணிகம் பெருகியது. சீனாவின் செவ்வயிற்று நியூட் மட்டும் 2001 முதல் 2009 வரை 23 லட்சத்துக்கு மேல் அமெரிக்காவுக்குள் இறக்குமதியானது.

இங்கேதான் விபரீதம். நெதர்லாந்தின் தென்கோடிக் காடு ஒன்றில் மஞ்சள் புள்ளிச் சலமாண்டர்கள் சில ஆண்டுகளில் நூற்றுக்கு 96 பங்கு அழிந்துபோயின. 2013-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆன் மார்ட்டெல் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை. அடுத்த ஆண்டு, அது ஆசியாவிலிருந்து வந்தது என்றும், செல்லப்பிராணி வணிகமே அதைச் சுமந்து வந்திருக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பதப்படுத்தப்பட்ட ஆசிய நியூட் ஒன்றிலும் அதன் தடயம் இருந்தது. அங்குள்ள உயிர்கள் பல காலமாக அதனோடு பழகியவை. ஐரோப்பிய உயிர்களுக்கு அது புதிது, தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அமெரிக்கா 2016 ஜனவரியில் 201 வகைச் சலமாண்டர்களின் இறக்குமதியைத் தடுத்தது. அப்போது அந்த நோய் அங்கே காணப்படவே இல்லை. அப்பலாச்சியன் மலைகள் சலமாண்டர் வகைகளுக்கு உலகிலேயே பெயர்போன இடம். வருமுன் காத்தார்கள்.

இந்தச் சரித்திரத்திலிருந்துதான் பராமரிப்பு விதி பிறக்கிறது. நியூட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. அந்தப் பூஞ்சைக்கும் குளிர்ச்சிதான் பிடிக்கும். ஆகவே கவனம் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

1. குழாய் நீரின் குளோரினை நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். நியூட் கண்ணாடியில் ஏறி வெளியே வந்துவிடும்.
2. உணவுக்குப் புழுக்கள் போதும். மீன்களோடு சேர்த்து வளர்க்க வேண்டாம்.
3. தோலில் நஞ்சு உண்டு. தொட்டால் கைகழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.
4. புதிதாக வாங்கியதைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வையுங்கள்.
5. அலுத்துப்போனால் குளத்திலோ ஓடையிலோ விடவே கூடாது. தொட்டி நீரையும் அங்கே கொட்டக் கூடாது.

ஐந்தாவதைத்தான் மனத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். "பாவம், சுதந்திரமாகப் போகட்டும்" என்று பிள்ளை இரக்கப்பட்டு விடுகிற ஒரு நியூட், அந்த ஓடையில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த உயிர்களுக்கு எமனாகலாம்.

நம் தமிழ்நாட்டில் நியூட் இல்லை. டார்ஜிலிங் மலைப்பக்கம் உண்டு; அது சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிர். அங்கே சுற்றுலா போனால் பார்த்துவிட்டு வாருங்கள். பிடித்து வர வேண்டாம்.

நியூட் வளர்ப்பவர்கள் இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.